மஞ்சள் இலைக்கு மருந்து: ஒரு இட்லிப்பூ செடியும் இருநூறு வருஷக் கதையும்

இன்னைக்குக் கதை என் பால்கனியிலேர்ந்து ஆரம்பிக்குது. அங்க ஒரு இட்லிப்பூ செடி இருக்கு. ஊர் வீட்டை வித்தப்போ, வாசல்ல நின்ன செடியிலேர்ந்து அம்மா ஒரு கிளையை வெட்டி, வேர் பிடிக்க வச்சு, பஸ்ல மடியிலயே வச்சுக்கிட்டு சென்னைக்குக் கொண்டுவந்தாங்க. அந்த வீட்டிலேர்ந்து உயிரோட மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான். போன வருஷம் அது மஞ்சளாக ஆரம்பிச்சுது.

எப்படி மஞ்சளாச்சுங்கிறது முக்கியம். கீழே இருக்கிற பழைய இலை இல்ல; நுனியில புதுசா வர்ற தளிர். நரம்பு மட்டும் பச்சைக் கோடா தெரியும், இடையில எல்லாம் வெளிறிக் கிடக்கும். தண்ணி போதலையோன்னு இன்னொரு சொம்பு ஊத்தினேன். உரம் போட்டேன். பக்கத்து வீட்டு மாமி வந்து பாத்துட்டு, "இரும்புச்சத்து இல்லப்பா, நாலு ஆணியைப் புதைச்சு வை"ன்னாங்க. புதைச்சேன். செடி இன்னும் வெளுத்துது. ஆனா மாமி சொன்னதுல பாதி சரி. அந்தப் பாதியைத் தேடிப் போனப்போதான் இந்தக் கதை கிடைச்சுது.

ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக இளம்பெண்களுக்கு வரும் ஒரு நோயைப் பற்றி மருத்துவர்கள் எழுதிவந்தார்கள். உடம்பு வெளிறும், மூச்சு வாங்கும், நாலு படி ஏறினா களைச்சுப் போயிடும். அதற்கு 'குளோரோசிஸ்' என்று பெயர். பச்சையும் மஞ்சளும் கலந்த நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கல்யாணம் பண்ணி வச்சா சரியாயிடும்னு எழுதின மருத்துவர்களும் உண்டு. (ஆமாங்க, அங்கேயும்தான்.) 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தாமஸ் சிடன்ஹாம் இரும்புத்தூளை ஒயினில் ஊறவைத்துக் கொடுத்தார். 1832-இல் பிரான்ஸில் பியேர் ப்ளோ என்ற மருத்துவர் இரும்பு சல்பேட் சேர்த்த மாத்திரையை அறிமுகப்படுத்தினார். இன்னைக்கு அதை ரத்தசோகைன்னு சொல்லுவோம்.

வெளிறிப்போன செடிகளுக்கும் அதே குளோரோசிஸ் என்ற பெயர்தான் வழங்கிவந்தது. பேர் ஒண்ணுன்னா மருந்தும் ஒண்ணா இருக்குமா? 1840-களில் யூசெப் க்ரீஸ் என்ற பிரெஞ்சுக்காரர் இரும்பு உப்பைத் தண்ணீரில் கரைத்து, மஞ்சளான செடிகளுக்கு வேரிலும் இலையிலும் கொடுத்துப் பார்த்தார். சில நாளில் இலைகள் பச்சையாயின. 1857-இல் அவருடைய மகன் ஆர்தர் க்ரீஸ் அப்படிப்பட்ட இலைகளை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். வெளிறிய இலையில் அரைகுறையாகக் கிடந்த பச்சைத் துணிக்கைகள் இரும்பு கிடைத்ததும் சரியாக உருவாவது தெரிந்தது. அப்பா இலையை நனைச்சார், மகன் உள்ளே எட்டிப் பார்த்தார். எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது.

அந்த இரும்பு சல்பேட் வேற எதுவும் இல்ல, நம்ம நாட்டு மருந்துக் கடையில இருக்கிற அன்னபேதிதான். சித்த மருத்துவத்தில் ரத்தசோகைக்குக் கொடுக்கிற அன்னபேதி செந்தூரம் அதிலிருந்துதான் செய்யப்படுது. நிலக்கடலை மஞ்சளாப் போனா அதே உப்பைக் கரைச்சுத் தெளிக்கச் சொல்லுவாங்க.

சரி, அப்ப ஆணி ஏன் வேலை செய்யல? அதுக்கு மறுபடி பிரான்ஸ் போகணும். 1860-களில் ஃபிலாக்ஸெரா என்ற பூச்சி அமெரிக்காவிலிருந்து அங்கே வந்து, திராட்சை வேர்களைத் தின்று தோட்டம் தோட்டமாக அழித்தது. அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேர்மேல் பிரெஞ்சுத் திராட்சையை ஒட்டுப் போட்டார்கள். தப்பிச்சோம்னு நினைக்கும்போது, கோன்யாக் பகுதியில் அந்த ஒட்டுச் செடிகள் மஞ்சளாகிச் செத்தன. அங்கே இருப்பது சுண்ணாம்பு மண். பூச்சியைத் தாங்கிய வேரால் சுண்ணாம்பைத் தாங்க முடியல.

ஒரு ஊரே பிழைக்கிற பயிர். சும்மா இருக்க முடியுமா? 1887-இல் பிரெஞ்சு அரசு பியேர் வியாலா என்ற அறிஞரை அமெரிக்காவுக்கு அனுப்பியது. டெக்சஸில் டெனிசன் என்ற ஊரில் டி. வி. மன்சன் இருந்தார், காட்டுத் திராட்சைகளைத் தேடித் தேடி அலைந்த நர்சரிக்காரர். அவர் காட்டியது டெக்சஸின் சுண்ணாம்புக் குன்றுகளில் தானாக வளரும் கொடிகளை. அவற்றில் பெர்லாண்டியேரி என்ற இனம் சுண்ணாம்புக்கு அசையாது. ஒரே தொல்லை, குச்சி நட்டால் சுலபத்தில் வேர் விடாது. அதனால் வேறு கொடிகளோடு கலந்து புது வேர்ச்செடிகளை உருவாக்கினார்கள். மறுவருஷம் மன்சனுக்கு பிரெஞ்சு அரசு விருது கொடுத்தது. இன்றைக்கு கோன்யாக்கும் டெனிசனும் சகோதர நகரங்கள்.

விஷயம் என்னன்னா, சுண்ணாம்பு மண்ணிலும் இரும்பு இருக்கும், ஆனா கரையாத துருவா இருக்கும். கரையாததை வேர் உறிஞ்ச முடியாது. ஹவாயில் அன்னாசித் தோட்டங்களிலும் இதே கூத்து: இரும்பு நிறைந்த மண், மாங்கனீசும் அதிகம், அதில் மஞ்சளான செடிகள். 1916-இல் மேக்ஸ்வெல் ஜான்சன் இரும்பு சல்பேட்டை இலைமேல் தெளிக்கச் சொன்னார். மண்ணை விட்டுட்டு நேரா இலைக்கு.

என் தொட்டிக்கும் அதே நோய்தான். எங்க அபார்ட்மெண்ட்ல போர் தண்ணி. பக்கெட்ல வெள்ளையா உப்புப் படியுமே, அந்தத் தண்ணி. இட்லிப்பூவுக்குப் புளிப்பு மண் பிடிக்கும். நான் சொம்பு சொம்பா சுண்ணாம்பை ஊத்தியிருக்கேன். மண்ணை மாத்தும்போது ஆணி நாலும் துருவோட பத்திரமா இருந்துது.

அன்னபேதி வாங்கி, முதல் தடவை கையளவுல போட்டு உச்சி வெயில்ல தெளிச்சு இலையைக் கருக்கினேன். அடுத்த தடவை லிட்டருக்கு 5 கிராம், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, சாயங்காலம். தண்ணிக்கு மொட்டைமாடியில மழைத்தண்ணி பிடிச்சு வச்சேன். பழைய மஞ்சள் இலை பாதிக்குமேல கொட்டிடுச்சு. மூணு வாரத்துல வந்த தளிர் பச்சை.

அம்மா வீடியோ கால்ல பாத்துட்டு, "பூ விட்டுதா?"ன்னாங்க. இன்னும் இல்லம்மா. மொட்டு மட்டும் ஒரு கொத்து இருக்கு.