ஒரே சட்டம், இரு பாதைகள்

காஞ்சிபுரம் என்றதும் பட்டும் கோயிலும் நினைவுக்கு வரும். மணிமேகலைக் காப்பியம் நிறைவு பெறுவதும் காஞ்சி மாநகரில்தான். அந்தக் கதை தொடங்கும் புகார் நகரத்திலோ, வீதியில் ஆடும் பேடிக் கோலத்தை மக்கள் கூடி நின்று பார்க்கிறார்கள். அதற்கும் முற்பட்ட தொல்காப்பியம், ஆண்மை திரிந்தவரை உயர்திணையில்தான் சேர்க்கிறது.

இவர்களைச் சட்டம் குற்றவாளியாகப் பார்த்தது ஆங்கிலேயர் ஆட்சியில். 1860ல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 377வது பிரிவு, இயற்கைக்கு மாறான உறவு என்று கூறித் தன்பால் உறவைக் குற்றமாக்கியது. ஆனால் பிடிபட்டவர்கள் யார்? 1884ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் விடுவித்த கைராத்தி, பெண் உடை அணிந்து வாழ்ந்தவர். இதற்கிடையே 1871ல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், வட இந்தியாவில் இத்தகையோரின் பெயர்களைப் பதிவேட்டில் எழுத வைத்தது.

ஆக, தன்பால் ஈர்ப்பு கொண்டோரையும் திருநங்கையரையும் ஒரே அணியில் நிறுத்தியது அந்தச் சட்டமே எனலாம்!

ஆனால் விடுதலைக்கான பாதை ஒன்றாக இருக்கவில்லை. தன்பால் ஈர்ப்பு கொண்டோர் பெரும்பாலும் மறைந்து வாழ்ந்தனர். திருநங்கையரால் மறைய முடியவில்லை. கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவில் அவர்களை ஊரே பார்த்தது. அரசும் அவர்களிடம்தான் முதலில் வந்தது. 2008 ஏப்ரல் 15 அன்று தமிழக அரசு அரவாணிகள் நல வாரியத்தை அமைத்தது. ரேஷன் அட்டை கிடைத்தது.

பிறகு நடந்ததுதான் விந்தை. டெல்லி உயர் நீதிமன்றம் 2009ல் தளர்த்திய 377வது பிரிவுக்கு, 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மீண்டும் உயிர் கொடுத்தது. நான்கே மாதத்தில், 2014 ஏப்ரல் 15 அன்று, அதே நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்தது. திருநங்கை என்று சான்றிதழில் எழுதலாம். காதலித்து வாழ்ந்தால் குற்றம்! இந்த முரண்பாடு 2018 செப்டம்பர் 6 அன்றுதான் நீங்கியது.

திருமணத்தில் பாதை மீண்டும் பிரிந்தது. மணமகள் என்ற சொல்லில் திருநங்கையும் அடங்குவார் என 2019ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. 2023ல் உச்ச நீதிமன்றம், ஆணை மணக்கும் திருநங்கைக்கும் பெண்ணை மணக்கும் திருநம்பிக்கும் அந்த உரிமை உண்டு என்றது. தன்பால் இணைகளுக்கு மறுத்தது.

வானவில் கொடி ஒன்றுதான். அதன் கீழ் நிற்பவர்களின் தேவைகள் வேறு வேறு. ஒருவருக்குக் கிடைத்த உரிமை எல்லோருக்கும் கிடைத்துவிட்டது என்று எண்ணுவது தவறு.