இதய அடைப்பானின் பிற்காலச் சரித்திரம்

1949-ஆம் ஆண்டில், ஹிருதயத்தின் இடது மேலறையை ஒட்டிக் காதுமடல் போல் தொங்கும் சிறு பையை வெட்டி நீக்கினால், அங்கே உறையும் ரத்தக்கட்டி பெயர்ந்து சென்று நாளங்களை அடைக்கும் ஆபத்து நீங்கும் என்று கருதி, மேடன் என்ற அமெரிக்க சஸ்திர வைத்தியர் அதைச் செய்தும் பார்த்தார். ஆயினும் மார்பைப் பிளக்க வேண்டிய அம்முறை அக்காலத்தில் வேரூன்றவில்லை. அரை நூற்றாண்டு கழிந்து, 2001-இல், ஜெர்மனியில் ஹார்ஸ்ட் ஸீவர்ட் என்ற நிபுணர், தொடை நாளத்தின் வழியே செலுத்திய குழாயினால் அப்பையின் வாயை உள்ளிருந்தே அடைக்கும் 'பிளாட்டோ' என்ற சாதனத்தை முதன்முதலாகப் பொருத்தினார். அதன் பின் வந்த 'வாட்ச்மேன்', 707 நோயாளிகளைக் கொண்ட ஆராய்ச்சி 2009-இல் வெளியானதைத் தொடர்ந்து புகழ் பெற்று, 2015-இல் அமெரிக்க அரசின் அங்கீகாரத்தையும் அடைந்தது.

பொருத்தும் நாளில் நேரும் விபத்துகள் வைத்தியர்களின் கைப்பழக்கத்தால் குறைந்தன. பின்னாளில் தலைகாட்டுபவையே என் மனத்தை உறுத்துகின்றன. சாதனத்தின் மேல் தேகம் தன் மெல்லிய சவ்வை வளர்த்து மூடிக்கொள்ள வேண்டும். அது தாமதித்தால், ரத்தக்கட்டியைத் தடுக்க வந்த பொருளின் மீதே ரத்தம் உறைகிறது. நூற்றுக்கு மூன்று நான்கு பேருக்கு நேரும் இது, சிலருக்கு ஓராண்டு கடந்த பின்னும் தோன்றிப் பக்கவாதத்தில் முடிவதுண்டு. பையின் வாய் வட்டமாக அமையாதவர்களுக்கு ஓரத்தில் கசிவு நிலைத்துவிடக்கூடும். அபூர்வமாகச் சாதனமே இடம் பெயர்ந்துவிடுவதும் உண்டு.

நம் தேசத்துக்கு மற்றொரு விசேஷமும் உண்டு. வால்வு நோய் இல்லாதோரின் மேலறை ரத்தக்கட்டிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு இச்சிறு பையிலேயே தோன்றுகின்றன என்பது 1996-இல் தொகுத்த கணக்கு. கீல்வாதக் காய்ச்சலால் வால்வு சுருங்கியோரிடமோ, அது பாதிக்குச் சற்று மேலேதான். இத்தகையோர் இங்கே ஏராளம். பையை மட்டும் அடைப்பது போதாதாதலால், அவர்களுக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையும் ரத்தப் பரிசோதனையுமே இன்றும் கதி.

சாதனம் பொருத்தியோருக்கும் பரிசோதனை ஓய்வதில்லை. நாற்பத்தைந்து நாள் உறைதடுப்பு மருந்துக்குப் பின் உணவுக்குழல் வழியே எக்கோ பார்ப்பது வாட்ச்மேனின் ஆதி நியமம். மலைமேல் உள்ள நாகலூர்க் காபித் தோட்டத் தொழிலாளி ஒருவர் இருபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து, ஒருநாள் கூலியை இழந்து, சேலத்துக்கு இறங்கி வர இயலுமா என்பதை, பொருத்துவதற்கு முன்பே வைத்தியர் விசாரிக்க வேண்டும். சாதனத்தின் பெயர், பொருத்திய தேதி, எந்த மாத்திரை எதுவரை என்ற விவரங்களைத் தமிழில் எழுதிக் கையில் கொடுத்தனுப்புவதும் அவர் கடமையே. ஓராண்டு கழித்துக் கை தளர்ந்து வாய் கோணினால், முதல் நாலரை மணி நேரத்துக்குள் எந்த மருந்து தகும் என்று தீர்மானிக்கும் டாக்டருக்கு அந்தச் சீட்டு அவசியம் வேண்டியிருக்கும்.