இரத்தநாள விறைப்புக் குறைபாடு

இரத்தநாள நோயால் ஆண்குறிக்குப் போதிய இரத்தம் பாயாமல் விறைப்பு எழாமையோ நிலைக்காமையோ இக்குறைபாடு. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், கொழுப்பு, புகை ஆகியவை முதன்மைக் காரணங்கள். ஆண்குறித் தமனியின் விட்டம் 1–2 மி.மீ. மட்டுமே, இதயத் தமனிக்கு 3–4 மி.மீ. ஆகவே அடைப்பின் விளைவு முதலில் இங்கே தெரிகிறது. மாரடைப்பு சில ஆண்டுகள் கழித்து வரக்கூடும். வெட்கப்பட்டு மறைப்பவர் இழப்பது இந்த முன்னறிவிப்பைத்தான்.

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் இருப்பவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சர்க்கரை, இரத்த அழுத்தப் பரிசோதனையைத் தொடங்கலாம். இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் போன்றவற்றுக்குக் கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனை தேவை. லாட்ஜில் முகாமிடும் ‘வைத்தியர்’ தரும் லேகியம் இப்பரிசோதனைகளுக்கு மாற்றல்ல. மூலிகை என விற்கப்படும் சில பொருள்களில் விறைப்பு மருந்தான சில்டெனாஃபில் கலந்திருந்தது பல நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளது.

1998இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற சில்டெனாஃபில், பின்வந்த டடலாஃபில் ஆகியவை முதல்நிலை மருந்துகள். பாலுணர்வுத் தூண்டல் இல்லாமல் இவை வேலை செய்யா. இம்மருந்துகள் பயனளிக்காதபோது வெற்றிடக் கருவி, ஆண்குறியில் போடும் ஊசி, இறுதியாகச் செயற்கை உள்வைப்பு. தமனி மாற்றுவழி அறுவை, இடுப்புக் காயமுற்ற இளைஞர் சிலருக்கே பொருந்தும். புகையை நிறுத்துவதும் நடைப்பயிற்சியும் எல்லா நிலையிலும் சிகிச்சையின் பகுதி.

நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை பயன்படுத்துபவர் சில்டெனாஃபில், டடலாஃபில் இரண்டையும் தொடவே கூடாது: இரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகலாம்.