சிவப்புப் பொத்தானும் அழிந்துபோகும் குரல்களும்



உங்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய டூ-இன்-ஒன் கிடக்கிறதா? வானொலியும் டேப் ரிக்கார்டரும் ஒரே உடலில் அமைந்த, மேலே கைப்பிடி வைத்த அந்தப் பெட்டியைத்தான் கேட்கிறேன். அதன் அருகே ஒரு பிஸ்கட் டின்னில் சில ஒலிநாடாக்களும் இருக்கக்கூடும். அவற்றில் ஒன்றிலாவது, இன்று உங்களோடு இல்லாத ஒருவருடைய கையெழுத்து இருக்கும். இந்த வாரம் அந்தப் பெட்டியின் வரலாற்றைக் குறித்து உங்களோடு பேச விரும்புகிறேன். இறுதியில் என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

மரக்கட்டையில் தொடங்கிய கதை

1960ஆம் ஆண்டு. பெல்ஜியத்தின் ஹாசெல்ட் நகரிலிருந்த பிலிப்ஸ் தொழிற்சாலையில் புதிய பொருள்களை உருவாக்கும் பொறுப்பை லூ ஓட்டன்ஸ் என்ற டச்சுப் பொறியாளர் ஏற்றார். இரண்டாம் உலகப் போரின்போது, நாட்டை ஜெர்மானியர் பிடித்திருந்த நாள்களில், லண்டனிலிருந்து வந்த டச்சு வானொலியை மறைவாகக் கேட்பதற்காகத் தாமே ஒரு வானொலிப் பெட்டியைச் செய்துகொண்ட சிறுவர் அவர். ஒரு குரலைக் கேட்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை இளமையிலேயே அறிந்தவர் எனலாம்.

அக்காலத்து ஒலிப்பதிவுக் கருவிகள் பெரியவை, கனமானவை. திறந்த சக்கரத்தில் சுற்றிய நாடாவை ஒவ்வொரு முறையும் விரலால் இழுத்துக் கோக்க வேண்டும். ஓட்டன்ஸ் ஒரு மரக்கட்டையைத் தம் சட்டைக்கோட்டின் பைக்குள் அடங்கும் அளவுக்கு வெட்டினார். செய்யப்போகும் கருவி இதைவிடப் பெரிதாக இருக்கக்கூடாது என்பதே அவர் தமக்கும் தம் குழுவினருக்கும் வைத்துக்கொண்ட அளவுகோல். அந்த மரக்கட்டை இன்று எந்த அருங்காட்சியகத்திலும் இல்லை. பின்னொரு நாள் கார்ச் சக்கரம் மாற்றும்போது தூக்கியின் கீழ் அண்டை கொடுத்து, அதை அவர் இழந்துவிட்டார்.

1963ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30ஆம் நாள் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் காம்பாக்ட் கேசட் உலகுக்குக் காட்டப்பட்டது. அதன் நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர். விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் அது ஓடியது. அறுபது நிமிட நாடாவில் ஒரு பக்கத்து முப்பது நிமிடங்களுக்கு ஏறத்தாழ 86 மீட்டர் நாடா ஓடுகிறது. தொண்ணூறு நிமிட நாடாவை அதே கூட்டில் அடைப்பதற்காக அதன் கனத்தைக் குறைத்தார்கள். நூற்றிருபது நிமிட நாடா இன்னும் மெலிந்தது; அதனால்தான் அது எளிதில் சுருண்டு சிக்கியது.

அந்நாளில் போட்டிக்கு வேறு வடிவங்களும் இருந்தன. பிலிப்ஸின் வடிவம் வென்றதற்கு அதன் சிறிய உருவம் மட்டும் காரணமன்று. சோனி நிறுவனத்தின் நோரியோ ஓகா விடாமல் வற்புறுத்தியதால், உரிமத் தொகை வாங்காமலே பிறர் இதைத் தயாரிக்க 1965இல் பிலிப்ஸ் இசைந்தது. எவர் செய்த நாடாவும் எவர் செய்த கருவியிலும் ஓடும் என்ற நிலை அதனால் உண்டாயிற்று. தன் கையிலிருந்ததை இறுகப் பிடித்திருந்தால் அந்நிறுவனத்துக்குச் சில ஆண்டுகளுக்கு உரிமப் பணம் கிடைத்திருக்கும். விட்டுக்கொடுத்ததால் உலகமே அந்த வடிவத்தை ஏற்றது. இதுவரை விற்ற ஒலிநாடாக்கள் பத்தாயிரம் கோடிக்கும் மேல் என்பது பொதுவான மதிப்பீடு.

தெருவுக்கு வந்த பெட்டி

1966இல் பிலிப்ஸ் வானொலியையும் நாடாப் பதிவியையும் ஒரே கூட்டில் வைத்து விற்றது. வானொலியில் வருவதைக் கம்பியோ ஒலிவாங்கியோ இல்லாமல் நேரே நாடாவில் பிடிக்கலாம் என்பதே அதன் புதுமை. 1970களில் ஜப்பானிய நிறுவனங்கள் இவ்வடிவத்தைத் தமதாக்கிக்கொண்டன. ஒலிபெருக்கி இரண்டாயிற்று, நான்காயிற்று. ஷார்ப் நிறுவனத்தின் ஜிஎப்-777 என்ற மாதிரியில் ஆறு இருந்தன. பெரிய பெட்டிகள் எட்டு, பத்துக் கட்டை பேட்டரிகளை விழுங்கின. இவற்றையே மேல்நாட்டார் பூம்பாக்ஸ் என்றார்கள்.

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் இந்தப் பெட்டிக்கு ஒரு தனி வரலாறு உண்டு. 1973இல் டிஜே கூல் ஹெர்க் நடத்திய விருந்திலிருந்து ஹிப்-ஹாப் இசையின் தொடக்கத்தைக் கணக்கிடுவது வழக்கம். அந்த இசை வணிக இசைத்தட்டாகப் பரவலாக வெளிவந்தது 1979இல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் அது நாடாக்களிலேயே வாழ்ந்தது. விருந்துகளில் பதிந்தார்கள், பிரதியெடுத்தார்கள், தோளில் சுமந்த பெட்டிகளில் தெருவெங்கும் ஒலிக்கவிட்டார்கள். எந்த நிறுவனமும் பதிவு செய்ய முன்வராத மக்கள் தம்மைத் தாமே பதிந்துகொண்டார்கள். இரைச்சல் என்று அயலார் வெறுத்ததும் உண்மை. அந்த வெறுப்பு எங்கே கொண்டுபோய்விடும் என்பதை ஸ்பைக் லீ 1989இல் ஒரு திரைப்படமாகவே எடுத்தார்.

பாரிஸுக்கு அருகே ஒரு சிற்றூரில் தங்கியிருந்த அயதுல்லா கொமேனியின் உரைகள் 1978இல் நாடாக்களில் பிரதியாகி ஈரானெங்கும் பரவின. அரசின் வானொலியும் தொலைக்காட்சியும் மன்னர் கையில் இருந்தும் அவற்றைத் தடுக்க இயலவில்லை. இசைத்தட்டை அச்சிட ஆலை வேண்டும். நாடாவுக்கோ ஒரு பெட்டியும் ஒரு சிவப்புப் பொத்தானும் போதும். அந்தப் பொத்தான் கேட்பவனையே பதிப்பாளன் ஆக்கியது.

நம் ஊருக்கு வந்த வழி

நம் ஊர்களுக்கு இப்பெட்டி பெரும்பாலும் வளைகுடாவிலிருந்து வந்தது. 1973க்குப் பின் எண்ணெய் விலை ஏறியதும் குவைத்துக்கும் துபாய்க்கும் பஹ்ரைனுக்கும் வேலை தேடிப் போனவர்கள், விடுமுறையில் திரும்பும்போது நேஷனல் பானசானிக் பெட்டியொன்றைக் கொண்டுவந்தார்கள். கடை வீதிகளில் ரிக்கார்டிங் சென்டர்கள் முளைத்தன. வேண்டிய பாடல்களைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டு நாள் கழித்துப் போய் வாங்கிக்கொள்வோம். அறுபது நிமிட நாடாவில் பன்னிரண்டு, பதின்மூன்று பாடல்கள் அடங்கும். எதை விடுவது என்று வீட்டில் ஒரு வழக்கே நடக்கும். காசில்லாத வீட்டில் இலங்கை வானொலியே ரிக்கார்டிங் சென்டர். அறிவிப்பாளர் பேசி முடிக்கும் வரை விரலைப் பொத்தான்மேல் வைத்துக் காத்திருந்த பொறுமை உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

இதில் ஒரு குறையும் இருந்தது. நாம் பதிந்த பாடலுக்காக அதை இயற்றியவருக்கும் பாடியவருக்கும் ஒரு காசும் போகவில்லை. வீட்டில் பதிவதை எதிர்த்து 1981இல் பிரிட்டிஷ் இசைத் தொழிலினர் பெரிய பரப்புரையே நடத்தினார்கள். ஏக்கத்தோடு நினைக்கும்போது இதை மறந்துவிடுவது நேர்மையாகாது.

வேறொரு பயனும் இருந்தது. அதைப் பற்றி நூல்கள் குறைவாகவே பேசுகின்றன. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு நாடாவே கடிதம் ஆயிற்று. பாலைவனத்து முகாமில் ஒருவர் பேசிப் பதிந்து, ஊருக்கு வருகிற நண்பர் கையில் கொடுத்தனுப்புவார். இங்கே வீட்டார் கேட்டுவிட்டுப் பதிலைப் பதிந்து அனுப்புவார்கள்.

என் தவறு

என் தகப்பனாரும் அப்படித்தான் பேசினார். பஹ்ரைனில் வெல்டராக இருந்தார். என் தாயாருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆகவே அவர் நாடாவில் பேசி அனுப்பினார். பதிந்த நாடாவின் முதுகில் இரு ஓரங்களிலும் சிறு பிளாஸ்டிக் நாக்குகள் இருக்கும். அவற்றை ஒடித்துவிட்டால் அந்த நாடாவில் மறுபடி பதிய முடியாது; பொத்தான் அழுந்தாது. என் தகப்பனார் இரண்டையும் ஒடித்தே அனுப்பியிருந்தார்.

அப்போது எனக்கு வயது பதின்மூன்று. வானொலியில் பாடல்கள் வந்துகொண்டிருந்தன. வெற்று நாடா இல்லை. ஓட்டையின்மேல் காகிதத்தை மடித்து வைத்து ஒட்டினேன். பொத்தான் அழுந்தியது.

பதிவு எப்படி நடக்கிறது என்பதை நீங்கள் அறிய வேண்டும். நாடாவின்மேல் இரும்பு ஆக்சைடுத் துகள்கள் பூசப்பட்டுள்ளன. ஒலி அவற்றில் காந்தப் பதிவாக நிற்கிறது. புதிதாகப் பதியும்போது நாடா முதலில் அழிப்புத் தலையைக் கடக்கிறது. அங்கே பழைய பதிவு கலைந்துபோகிறது. அதன்பிறகே பதிவுத் தலை புதியதை எழுதுகிறது. காக்கிற பொத்தானே அழிக்கிற பொத்தானும் ஆகும். ஒரு பக்கம் முழுவதும், மறுபக்கத்தில் நிகழ்ச்சி முடியும் வரையும் பதிந்தேன்.

அன்றிரவு என் தாயார் வழக்கம்போல அந்த நாடாவைப் போட்டார். சினிமாப் பாடல் ஒலித்தது. அவர் என்னை அடிக்கவில்லை. "கடைசியில கொஞ்சமாவது மிச்சம் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். பதில் சொல்லத் துணியாமல் நான் வெளியே ஓடிவிட்டேன். பின்னர் பெட்டியும் பழுதாயிற்று. தகப்பனார் ஊர் திரும்பினார். சில ஆண்டுகளில் மரித்தும் போனார். அந்தக் கேள்விக்கு நான் நாற்பது ஆண்டுகளாகப் பதில் சொல்லவில்லை.

பழுது பார்த்தல்

சென்ற ஆண்டு அந்தப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி, எங்கள் ஊரின் முதிய ரேடியோ மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். நாடாவைப் போட்டுப் பார்க்கத் துடித்த என்னை அவர் தடுத்தார். "ஐயா, மெஷினைச் சரி பண்ணாம டேப்பை உள்ள போட்டுராதீங்க. தின்னுட்டா திரும்பி வராது" என்றார்.

திறந்து பார்த்தபோது அவர் சொன்னதன் பொருள் விளங்கிற்று. மோட்டாரின் விசையைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பெல்ட் உருகித் தார்போல ஒட்டியிருந்தது. அதை ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைத்தெடுக்கவே அரை நாளாயிற்று. நாடாவை அழுத்தி ஓட்டும் ரப்பர் உருளை கல்லாக இறுகியிருந்தது. அப்படி இறுகிய உருளைதான் நாடாவைச் சுருட்டித் தின்கிறது. பேட்டரி அறையில் கசிந்த காரத்தை வினிகரால் துடைத்தார். உலர்ந்துபோன மின்தேக்கிகளை மாற்றினார். பதிவுக்கும் ஒலிப்புக்கும் மாற்றுகிற நீண்ட சுவிட்சின் களிம்பைக் கழுவினார். தலையைச் சுத்தம் செய்து, அதன் சாய்வைச் சிறு திருகாணியால் நேராக்கினார். அந்தத் திருகாணி இம்மியளவு பிசகினாலும் குரல் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல மங்கிவிடும்.

நாடாவுக்கும் சிகிச்சை வேண்டியிருந்தது. நாடாவைத் தலையோடு சேர்த்துப் பிடிக்கும் சிறு கம்பளித்துண்டு பசை காய்ந்து விழுந்திருந்தது. ஐந்து திருகுகளைக் கழற்றி, நாடாவை எடுத்து வேறொரு நல்ல கூட்டில் வைத்தார். ஒட்டியிருந்த சுற்றுகள் பிரியும்படி ஒருமுறை முன்னும் பின்னும் கையாலேயே மெல்லச் சுற்றினார். அதற்குமுன் அந்தப் பெட்டியில் தமது வேறு நாடாக்களை ஒரு வாரம் ஓட்டிப் பார்த்திருந்தார்.

பெட்டியைத் தாயாரிடம் கொண்டுபோய், இரண்டாம் பக்கத்தைப் போட்டேன். பாடல்கள் ஓடின. திடீரென்று ஒரு 'டக்' ஒலி. அதன்பின் என் தகப்பனார். நான்கு நிமிடமும் சில விநாடிகளும். மழைக்கு முன் ஓட்டை மாற்றச் சொன்னார். யாரோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். என்னை ஒழுங்காகப் படிக்கச் சொன்னார். இடையிடையே இருமினார். என் தாயார் அழவில்லை. "இந்த இருமலை டாக்டர்ட்ட காட்டுங்கன்னு அன்னைக்கே சொன்னேன், கேட்டாரா?" என்றார். பிறகு, "மிச்சம் இருக்கு" என்றார்.

முடிவாக

அன்பானவர்களே, ஏக்கத்தைக் குறித்து நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நாடாவின் ஒலி சிறந்தது என்று நான் சொல்லவில்லை. அதில் இரைச்சல் உண்டு. ஒவ்வொரு பிரதியிலும் அது பெருகும். அதைக் கண்ட ஓட்டன்ஸ் தாமே குறுந்தகட்டின் உருவாக்கத்திலும் பங்கு கொண்டார்; 2021இல் தமது 94ஆம் வயதில் மறையும் வரை, நாடாவின்மேல் பிறர் கொண்ட ஏக்கத்தை அவர் பெரிதாக மதிக்கவில்லை. பழையதைப் பழையது என்பதற்காகவே போற்றுவது வீண். ஆனால் அதற்குள் ஒரு மனிதர் இருப்பாரானால் அது வேறு காரியம்.

ஆகவே உங்களை மூன்று காரியங்கள் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் நாடாக்களில் யாருடைய குரலாவது இருக்குமானால், முதலில் அதன் நாக்குகளை ஒடித்துவிடுங்கள். பழுது பாராத பெட்டியில் அதைப் போடாதிருங்கள். அந்தப் பெட்டியைத் திறக்கத் தெரிந்த முதியவர் உங்கள் ஊரில் இன்னும் இருக்கும்போதே அவரிடம் போய், அக்குரலைக் கணினிக்கோ கைபேசிக்கோ மாற்றிக்கொள்ளுங்கள். நாடா காத்திருக்கலாம், அவர் எவ்வளவு நாள் காத்திருப்பார்?

நாற்பது ஆண்டுகள் பதில் சொல்லாமல் கடத்திய கேள்வி உங்களிடமும் ஒன்று இருக்கலாம். கேட்டவர் உயிரோடிருக்கும்போதே போய்ப் பதில் சொல்லுங்கள். முழுவதும் அழிந்துவிட்டது என்று நாம் அஞ்சி ஒதுக்கிவைத்ததில், சில வேளை, நான்கு நிமிடம் மீந்திருக்கும்.