வீங்கிய மின்தேக்கிகள்: மதர்போர்டு வாங்குவோர் கற்ற பாடம்

கணினி வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது பிராசசர் என்ன வேகம், ரேம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எத்தனை ஜிபி என்பதைத்தான். மதர்போர்டைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. கேட்டாலும் எந்தப் பிராசசர் பொருந்தும், எத்தனை ஸ்லாட் இருக்கிறது என்பதோடு கேள்வி நின்றுவிடும். ஆனால் அந்தப் பலகையின் ஆயுளை முடிவு செய்வது பட்டியலில் எழுதப்படாத ஒரு சின்னப் பாகமாகவும் இருக்கலாம். 2000-க்குப் பிறகு வந்த சில ஆண்டுகளில் உலகம் இதைப் பெரிய விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது.

அந்தப் பாகம் மின்தேக்கி, அதாவது கெப்பாசிட்டர். பிராசசரைச் சுற்றிச் சின்னச் சின்ன டப்பாக்கள் போல வரிசையாக நிற்குமே, அவைதான். பவர் சப்ளையிலிருந்து வருவது 12 வோல்ட். அன்றைய பெண்டியம் 4-க்கு வேண்டியதோ சுமார் 1.5 வோல்ட். வோல்ட் குறைந்தால் ஆம்பியர் ஏறும். 60 வாட் இழுக்கும் பிராசசருக்கு 40 ஆம்பியர் போக வேண்டும். அது ஏற்ற இறக்கம் இல்லாமல் சீராகப் போய்ச் சேர உதவுபவை இந்த மின்தேக்கிகள்.

அவற்றின் உள்ளே அலுமினியத் தகடும், திரவத்தில் நனைந்த காகிதமும் சேர்த்துச் சுருட்டப்பட்டிருக்கும். திரவத்தில் தண்ணீர் அதிகமானால் மின்தடை குறையும், செலவும் குறையும். ஆனால் தண்ணீர் அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்கும். அதைத் தடுக்கச் சரியான வேதிப்பொருட்களைச் சேர்க்க வேண்டும். அது தவறிய மின்தேக்கிகளில் வாயு சேர்ந்து மேல்மூடி வீங்கியது. பிறகு மூடி பிளந்து பழுப்பு நிறத்தில் கசிந்தது.

2002-இல் இந்தப் பழுதுகள் வெளியே பேசப்படத் தொடங்கின. ஜப்பானிய நிறுவனம் ஒன்றின் திரவச் சூத்திரம் திருடப்பட்டு, அரைகுறையாகத் தைவானுக்குப் போய்ச் சேர்ந்தது என்றொரு செய்தியும் பரவியது. அது நிரூபிக்கப்படவில்லை.

பிரச்சினை என்னவென்றால், புதிதாக வாங்கும்போது கெட்ட மின்தேக்கியும் நல்லதைப் போலவே இருக்கும். ஓரிரு வருடம் ஒழுங்காக ஓடும். பிறகு கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகும், நடுவில் உறைந்து நிற்கும். வைரஸ் என்று நினைத்து விண்டோஸை மறுபடி ஏற்றுவார்கள். ரேமை மாற்றுவார்கள். மதர்போர்டின் மேல் சந்தேகம் வருவதற்குள் வாரண்டி முடிந்திருக்கும்.

பெரிய நிறுவனங்களும் தப்பவில்லை. 2003 மே முதல் 2005 ஜூலை வரை டெல் விற்ற ஆப்டிபிளெக்ஸ் கணினிகளில் குறைந்தது 1 கோடியே 18 லட்சம் பழுதாகும் அபாயத்தில் இருந்தன என்று பின்னர் நீதிமன்ற ஆவணங்கள் காட்டின. இதற்காக டெல் 2005-இல் 30 கோடி டாலரைக் கணக்கில் செலவாக எழுதியது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறையில் கணினிகள் பழுதானபோது, கடினமான கணக்குகளைப் போட்டு இயந்திரங்களை வதைத்துவிட்டீர்கள் என்று பதில் வந்ததாம்! இன்னொரு விஷயம்: டெல் கணினிகளில் பழுதான மின்தேக்கிகள் பெயர்பெற்ற ஜப்பானிய நிறுவனமான நிச்சிகானுடையவை. ஆகவே ஜப்பான் சரக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்ற விதியும் முழு உண்மை இல்லை.

பொருளாதாரத்தில் இதற்கு ஒரு விளக்கம் உண்டு. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாவிட்டால், சந்தையில் தரமான சரக்கு பின்தங்கி மட்டமான சரக்கே மிஞ்சும் என்று 1970-இல் ஜார்ஜ் அகர்லாஃப் எழுதினார். பழைய கார்களை வைத்து அவர் சொன்னது மதர்போர்டுக்கும் அப்படியே பொருந்தியது. 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மட்டமான மின்தேக்கிகள் கணினிகளுக்குள் புகுந்துகொண்டிருந்ததும் அதே காலத்தில்தான்.

தயாரிப்பாளர்கள் பாடம் கற்றார்கள். திரவம் இல்லாத திட மின்தேக்கிகள் பரவலாகின. ஒரு காலத்தில் யாரும் கவனிக்காத பாகம் விளம்பரத்தின் முதல் வரியில் இடம் பிடித்தது.

வாங்குபவருக்கான பாடம் என்ன? பழைய போர்டு வாங்குகிறவர் மின்தேக்கிகளின் தலை தட்டையாக இருக்கிறதா, கசிவு உண்டா என்று பார்த்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும். புதிய போர்டில் கண் உதவாது. அங்கே கேட்க வேண்டியது வாரண்டி எத்தனை வருடம், அதைத் தருவது கடைக்காரரா நிறுவனமா, சர்வீஸ் சென்டர் எங்கே என்பவை. மறைந்திருக்கும் குறைக்கான நஷ்டத்தை யார் ஏற்பது என்பதை அந்த வாரண்டிச் சீட்டுதான் தீர்மானிக்கிறது. விலையைப் பேசும் முன் அதைப் படித்துவிடுவது நல்லது.