எதனை முதலிற் செய்வது?



நெடுங்கேணியைச் சூழ்ந்த வன்னிக் கிராமங்களில், ஐப்பசி மழைக்கு முன்னர் ஆண்டுதோறும் ஒரு வினா எழும். குளக்கட்டு அரித்திருக்கும், துருசு கசியும், வாய்க்கால் தூர்ந்திருக்கும், வயலுக்கு வேலியும் அடைக்க வேண்டும். ஆட்களோ சிலர், நாட்களோ குறைவு. எதனை முதலிற் செய்வது?

இவ்வினாவுக்கு விடை காணவே நம் முன்னோர் காலபோகத்துக்கு முன் ஒன்று கூடினர். அவரவர் வயற்பங்குக்கு ஏற்பக் கட்டு வேலையைப் பிரித்துக்கொண்டனர். விதை முளைக்கும்வரை வேலி பொறுக்கும். முதல் வெள்ளத்தைக் குளக்கட்டுப் பொறுக்குமா? ஒன்றன்கீழ் ஒன்றாகக் குளங்கள் அமைந்த இடத்திலோ, மேற்குளம் உடைந்தாற் கீழ்க்குளமும் தப்பாது. ஆதலின் எல்லா வேலையும் வேலையே. எனினும் எல்லாம் முதல் வேலையல்ல.

இந்த ஒழுங்கு குலைந்தால் நேர்வது யாது? இலங்கை வரலாறு அதற்குச் சான்று பகர்கிறது. 1832 இல் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் ஒழிக்கப்பட்டது. அது நீதியான செயலே. ஆயின், குளத்துக்கு மண் போடும் பொதுக் கடமையை வலியுறுத்தும் அதிகாரமும் அதனுடன் தளர்ந்தது. செய்யாத வேலை ஆண்டுக்காண்டு குவிந்தது. குளங்கள் பல பாழடைந்தன. தேசாதிபதி சேர் ஹென்றி வோர்ட் காலத்தில், 1856 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பழைய நீர்ப்பாசன வழமைகளை மீட்க முனைந்தது. வயற்காரர் கூடித் தம் வழமைகளை விதிகளாக ஏற்க அது வழிசெய்தது. இன்றும் கமக்கார அமைப்புகள் போகத்துக்கு முன் கூடுகின்றன.

இனி வேறொரு களத்தை நோக்குவோம். 2001 பெப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 மென்பொருள் வல்லுநர் கூடி, ‘அஜைல்’ என்னும் செயல்முறைக்குரிய கொள்கைகளை வகுத்தனர். அதன் கிளைகளுள் ஒன்றாகிய ‘ஸ்க்ரம்’ முறையில், செய்யவேண்டியவை யாவும் ஒரே நிலுவைப் பட்டியலில் வரிசைப்படுத்தப்படும். மேலே உள்ளவற்றுள் ஒரு மாதத்துக்கு மேற்படாத தவணையில் முடிக்கக்கூடியவற்றையே குழுவினர் கையேற்பர். தவணை முடிவில் வேலையைப் பார்வையிட்டுப் பட்டியலைத் திருத்துவர். கணினி புதிது, வினா பழையது.

பாடசாலை அதிபர் மேசையிலும் நிலுவைக் கோப்புகள் உண்டு. அவற்றை அடுக்கிவைத்தலை ஒழுங்கு என்று நானும் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். எதனை முதலிற் செய்வது, யார் செய்வது, எந்நாளுக்குள் முடிப்பது என்னும் மூன்றும் இல்லாத பட்டியல் வெறும் கவலைக் குவியலே. மழை நம் பட்டியலைப் படித்துவிட்டுப் பெய்வதில்லை. ஆதலின் குளக்கட்டை முதலிற் காப்போம்.