மையும் தாளும்

மட்டாஞ்சேரியிலிருந்து தோப்பும்படிக்குச் செல்லும் வழியில் இருப்பது சுள்ளிக்கல். சென்ற மழைக்காலத்தில் அங்கே ஓர் எழுதுபொருட் கடையில், தடித்த அட்டையும் தடித்த தாளும் கொண்ட விலையுயர்ந்த நோட்டுப் புத்தகம் ஒன்றை வாங்கினோம். மொழிபெயர்ப்பு வரைவுகளை ஊற்றுப்பேனாவினால் எழுதுவது நமது நெடுநாளைய வழக்கம். முதல் வரி முடிவதற்குள் மை நூலிழைபோல் நாற்புறமும் ஓடிற்று. பக்கத்தைப் புரட்டினால் மறுபுறமெங்கும் கறை. ஆங்கில எழுத்தாயின் இதனை ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம். தமிழிலோ ணகரத்துக்கும் னகரத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு சிறு சுழிதான். மெய்யெழுத்தை மெய்யென்று காட்டுவது ஒரு புள்ளிதான். சுழி அடைபட்டுப் புள்ளி கரைந்துவிட்டால் சொல்லே மாறிப்போகும். ஊரிலுள்ள பெரியவர்களுக்குக் கையால் கடிதம் எழுதும் அன்பர்கள் இத்தொல்லையை அறிவார்கள்.

இரண்டு நாள் கழித்து, வீட்டுக் கணக்கு எழுதுவதற்காக அதே கடையில் மெல்லிய நீள நோட்டு ஒன்றை வாங்கினோம். விலை முன்னதில் பாதிகூட இல்லை. அதில் எழுதிய எழுத்து செதுக்கி வைத்தாற்போல் நின்றது. அட்டையின் பின்புறத்தில், கரும்புச் சக்கையிலிருந்து செய்த தாள் என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். தடித்த தாள் தோற்று மெல்லிய தாள் வென்றது எவ்வாறு என்று ஆராயப் புகுந்தபோது, அது நம்மைச் சில நூற்றாண்டுகள் பின்னோக்கி அழைத்துச் சென்றது.

ஓலையில் எழுதிய காலத்தில் இத்தகைய கவலையே இல்லை. எழுத்தாணியால் கீறி, கீறலில் கரியைத் தேய்த்துத் துடைத்தால் எழுத்து கீறலுக்குள் அடங்கி நிற்கும். தாளும் மையும் நமக்கு வெளியிலிருந்து வந்த வழக்கம். காகிதம் என்னும் சொல்லும் பாரசீகத் தொடர்புடையதே. தமிழில் முதன்முதல் அச்சேறிய நூல்களுள் ஒன்றாகிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் வெளிவந்தது. அடுத்த ஆண்டே ‘கிரிசித்தியானி வணக்கம்’ இதே கொச்சியில் அச்சாயிற்று. கொல்லத்து நூலுக்குப் பயன்பட்டது சீனத்துத் தாள் என்று ஆராய்ந்தோர் குறித்துள்ளனர். தமிழ் எழுத்துக்குத் தாள் கப்பலில் வரவேண்டியிருந்தது!

அவ்வாறு வரும் தாள் எவ்வளவு அரிய பொருளாக இருந்தது என்பதைத் தரங்கம்பாடியில் காணலாம். ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து சீகன்பால்குக்கு வந்த தமிழ் அச்செழுத்துக்கள் பெரியனவாக இருந்தமையால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. ஆகவே பாலாடைக்கட்டி வந்த பெட்டிகளின் ஈயத்தை உருக்கிச் சிறிய எழுத்துக்களை வார்த்தார்கள். 1715-ஐ ஒட்டி, பக்கத்திலுள்ள பொறையாற்றில் காகிதப் பட்டறை ஒன்றையும் நிறுவினார்கள். அது நெடுநாள் நிலைக்கவில்லை. மலிவான தாளுக்காகத் தமிழகத்தில் நடந்த முதல் முயற்சிகளுள் ஒன்று என அதனைக் கூறலாம்.

இனி, தாளின் இயல்பைப் பார்ப்போம். நார்க்கூழைப் பரப்பி உலர்த்தியதுதான் தாள். இயல்பாகவே அது தண்ணீரைக் குடிக்கும். அப்படியே விட்டுவிட்டால் அது மையொற்றும் தாள். அச்சு மை எண்ணெய்ப் பசை உடையது. ஆதலால் தாளின் தாகம் அச்சுக்காரருக்குப் பெருங்குறையன்று. பேனா மை நீராலானது. நீர் உள்ளே இறங்காமல் மேலேயே நின்று உலரவேண்டுமாயின் தாளுக்குப் பசையூட்ட வேண்டும். நம் நாட்டுக் காகிதத் தொழிலாளர் அரிசிக் கஞ்சியைப் பூசி, உலர்ந்தபின் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். நாணற் பேனாவின் கோடு அதன்மேல் சிதறாது. ஐரோப்பியர் விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சிய பசையில் தாளைத் தோய்த்தார்கள். 1807-இல் ஜெர்மானியரான இல்லிக் என்பார், பைன் மரப் பிசினையும் படிகாரத்தையும் கூழிலேயே கலந்துவிடும் முறையை வெளியிட்டார். இயந்திரத்துக்கு இசைந்த முறை, செலவும் குறைவு. ஆனால் படிகாரத்தின் புளிப்பு தாளை மெல்ல மெல்ல அரித்தது. நம் அலுவலகங்களின் பழைய கோப்புகள் மஞ்சளித்து, தொட்டால் உதிர்வதற்கு அது ஒரு பெருங்காரணம். புளிப்பில்லாத செயற்கைப் பசைகள் 1950-களுக்குப் பின்னரே பரவலாயின.

சுதேசி இயக்கம் பேனாவையும் தாளையும் ஒருங்கே தொட்டது என்பது சுவையான செய்தி. தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா 1934-இல் தோன்றிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் உயிர்நாடியாக விளங்கினார்; கையால் செய்யும் காகிதம் அச்சங்கம் புத்துயிர் ஊட்டிய தொழில்களுள் ஒன்று. ராஜமுந்திரியில் ரத்னம் என்பார் செய்த ஊற்றுப்பேனா 1935-இல் காந்தியடிகளைச் சென்றடைந்ததும் குமரப்பாவின் வழியாகவே. அயல்நாட்டுப் பேனாக்களுக்கு அது நல்ல மாற்று என்று அடிகள் எழுதினார். பேனா வெற்றி பெற்ற அளவுக்கு அதற்குரிய தாள் வெற்றி பெற்றது என்று நம்மால் சொல்ல இயலவில்லை. கைக்காகிதம் அழகியது, ஆயின் விலை அதிகம், ஒரு தாள்போல் மறுதாள் இராது, அன்றாட எழுத்துக்கு முரடாகவும் இருக்கும்.

பிறகு பந்துமுனைப் பேனா வந்தது. அதன் மை குழம்பு போன்று கெட்டியானது, எத்தாளிலும் ஓடாது. பள்ளிப் பிள்ளைகளின் கையில் அது குடியேறியபின், நோட்டுத் தாளின் பசையைப் பற்றிக் கேட்பார் குறைந்தனர். வெண்மையும் தடிப்புமே தரம் என்ற எண்ணம் பரவிற்று. நாம் ஏமாந்ததும் அந்த எண்ணத்தினால்தான்.

கேரளத்தில் காகித ஆலை இல்லாமலில்லை. கோட்டயம் மாவட்டத்து வெள்ளூரில் 1982-இல் உற்பத்தியைத் தொடங்கிய ஆலை செய்தது பத்திரிகைத் தாள். எண்ணெய் மையை உறிஞ்சவேண்டிய அத்தாளில் பேனா மை பரவுவது இயல்பே. எழுதுதாளுக்கு நல்ல துணையாக வந்தது தமிழகத்துக் கரும்பு. 1979-இல் தமிழக அரசு நிறுவிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், கரூரை அடுத்த புகளூரில் 1984-இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஆலை இருக்குமிடத்துக்கே காகிதபுரம் என்று பெயர். சர்க்கரை ஆலைகள் சக்கையைக் கொதிகலனில் எரித்துவந்தன. அவற்றுக்கு வேறு எரிபொருள் கிடைக்க வழிசெய்து, ஈடாகச் சக்கையைப் பெற்றுக்கொள்வது காகித ஆலையின் ஏற்பாடு. சக்கையிலுள்ள சோற்றை நீக்கி, எஞ்சிய நாரைக் கூழாக்குகிறார்கள். அந்நார் குட்டையானது, நெருங்கிப் படிந்து, இடைவெளி குறைந்த வழவழப்பான பரப்பைத் தரும். அதன்மேல் பசையும் சரியாக ஊட்டப்பட்டால் மை நின்ற இடத்தில் நிற்கும். நெல்லின் தண்டுக்கும் தாள் என்றே பெயர் வைத்த மொழி நம்முடையது; கரும்பின் தண்டு தாளானதில் வியப்பென்ன?

சக்கைத் தாள் எல்லாமே நன்று என்று கூறமாட்டோம். அதிலும் பசை குறைந்த தாள் உண்டு. மரக்கூழ்த் தாளிலும் மிக நல்லன உண்டு. கொச்சியின் மழைக்காலமோ நல்ல தாளையும் கெடுக்கும். ஈரம் ஏறிய தாளில் மை எளிதில் பரவுகிறது. ஆனி, ஆடி மாதங்களில் நோட்டுகளை உறையிட்டு இரும்பலமாரியில் வைப்பது நமது பழக்கமாகிவிட்டது. மையையும் கவனிக்கவேண்டும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து நம் முன்னோர் காய்ச்சிய மையின் இனத்தைச் சேர்ந்த இரும்பு மைகள் இன்றும் கிடைக்கின்றன. தாகமுள்ள தாளிலும் அவை குறைவாகவே ஓடும். ஆனால் பேனாவை அடிக்கடி கழுவவேண்டும்.

இப்போதெல்லாம் சுள்ளிக்கல் கடையில் அட்டையையும் எடையையும் பார்ப்பதில்லை. கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்து மூலையில் ‘கண்ணன்’ என்று எழுதுகிறோம். இரண்டு ணகரங்களின் சுழியும் திறந்திருக்கின்றனவா, புள்ளிகள் தனித்து நிற்கின்றனவா என்று பார்த்து, மை உலர்ந்தபின் பக்கத்தைப் புரட்டுகிறோம். மறுபுறம் வெண்மையாக இருந்தால் அதே கட்டிலிருந்து ஆறு நோட்டுகள். அடுத்த கட்டின் தாள் வேறாக இருக்கக்கூடும்.